மின் கையெழுத்து மென்பொருள்: கடை, கோடவுன், லாரி ஆபீஸ்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

ராயபுரத்தில் சிறிய கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். ஜிஎஸ்டி, வருமான வரி, கம்பெனி படிவங்கள்தான் வேலை. தண்டையார்பேட்டை கடைக்காரர்கள், மாதவரம் கோடவுன்காரர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள், தம்பு செட்டித் தெரு கிளியரிங் ஆபீஸ் பையன்கள் என்று பலரும் வருவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபின், மணலிப் பக்கத்து வியாபாரி ஒருவர் ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். உள்ளே ஏழு வருட ஒப்பந்தங்கள். தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. பேனா மையில் போட்ட கையெழுத்துகள் கரைந்து வெறும் நீலத் திட்டுகளாகியிருந்தன. "இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே வாங்கி வெச்சிருக்கலாமா மேடம்?" என்றார். அதற்குப் பிறகு அதே கேள்வியைப் பல பேர் பலவிதமாகக் கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எலக்ட்ரானிக் கையெழுத்துன்னா, நம்ம கையெழுத்த ஸ்கேன் பண்ணி ஒட்றதுதானே?

இல்லை. ஒட்டிய படம் வெறும் படம்தான். யார் வேண்டுமானாலும் எந்தத் தாளிலும் அதை ஒட்டலாம். மின் கையெழுத்து இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும்: போட்டது இன்னார்தான் என்பது ஒன்று, போட்ட பிறகு ஆவணத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்பது இன்னொன்று.

நடைமுறையில் மூன்று வகையைப் பார்க்கலாம். முதலாவது, மின்னஞ்சலுக்கோ செல்பேசிக்கோ இணைப்பு அனுப்பி, திரையில் விரலால் கையெழுத்து வாங்குவது. எந்த நேரத்தில், எந்த எண்ணிலிருந்து, எந்த இணைய முகவரியிலிருந்து போட்டார் என்பதை மென்பொருள் குறித்துக்கொள்ளும். இரண்டாவது, ஆதார் எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டுச் செய்யும் ஆதார் கையெழுத்து. மூன்றாவது, யுஎஸ்பி டோக்கனில் வரும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ், சுருக்கமாக டிஎஸ்சி. இனி வரும் பதில்களில் முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்றே சொல்கிறேன்.

கோர்ட்டுல செல்லுமா, அத மட்டும் சொல்லுங்க.

செல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, இரண்டாம், மூன்றாம் வகைகளைக் கையெழுத்தாகவே ஏற்கிறது. டிஎஸ்சிக்கு அந்த அந்தஸ்து தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆதார் கையெழுத்து 2015இல் விதிகள் மூலம் சேர்ந்தது. முதல் வகைக்கு அதே அந்தஸ்து இல்லை. ஆனால் மின்வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று அதே சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. 2010இல் டிரைமெக்ஸ், வேதாந்தா நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில், மின்னஞ்சலில் பேசி முடித்ததையே ஒப்பந்தம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது.

வித்தியாசம் நிரூபிக்கும் பாரத்தில்தான். எதிராளி "நான் போடவில்லை" என்று மறுத்தால், முதல் வகையில் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும்.

டிஎஸ்சி டோக்கன்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு தனியா சாஃப்ட்வேர்?

டோக்கன் உங்களிடம் இருக்கிறது, எதிர்த் தரப்பிடம் இல்லையே. ஜிஎஸ்டி தளத்திலும் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்திலும் நீங்கள் ஒருவர் மட்டும் போடும் கையெழுத்துக்கு டோக்கன் போதும். தமிழக அரசு டெண்டர் தளத்துக்குக் கையெழுத்துச் சான்றிதழோடு, கோப்பைப் பிறர் படிக்காதபடி பூட்டும் மறையாக்கச் சான்றிதழும் கேட்பார்கள். கஸ்டம்ஸ் ஹவுஸ் வேலை செய்பவர்களுக்கும் டோக்கன் இல்லாமல் முடியாது. சுங்கத் துறைக்கு ஆவணம் ஏற்றும் இ-சஞ்சித் வசதியில் ஏற்றும் தாள்கள் டிஜிட்டல் கையெழுத்தோடுதான் போக வேண்டும்.

நான்கு பேர் கையெழுத்து வாங்க வேண்டும், யாருக்குப் பிறகு யார் என்ற வரிசை வேண்டும், போடாதவருக்கு நினைவூட்டல் போக வேண்டும், எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்றால்தான் மென்பொருள் தேவைப்படுகிறது. மாதம் இரண்டு மூன்று தாள்தான் என்றால் பணம் கட்டி எதையும் வாங்காதீர்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.

சரி, எது நல்லது? பேரச் சொல்லுங்க.

பெயருக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. போன மாதம் நீங்கள் கையெழுத்துப் போட்ட, வாங்கிய தாள்களை எல்லாம் மேஜையில் பரப்புங்கள். அரசுத் தளத்துக்குப் போவது, வாடிக்கையாளரோடு செய்வது, வேலையாட்களிடம் வாங்குவது, பத்திரப் பதிவுக்குப் போவது என்று பிரியுங்கள். இரண்டாவது, மூன்றாவது கட்டுகளுக்குத்தான் மென்பொருள். அந்தக் கட்டு எவ்வளவு தடிமன், எதிர்த் தரப்பு எப்படிப்பட்டவர் என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

இந்தியாவில் ஆதார் கையெழுத்தோடு கிடைப்பவற்றில் ஸோஹோ சைன், லீகாலிட்டி, டிஜியோ, சைன்டெஸ்க் போன்றவற்றைச் சொல்லலாம். டாக்யூசைன், அடோபி அக்ரோபேட் சைன் இரண்டும் உலகம் முழுக்கத் தெரிந்தவை. வெளிநாட்டு வாடிக்கையாளர் பெயரைக் கேட்டதுமே ஒத்துக்கொள்வார். எதை எடுத்தாலும், ஆதார் கையெழுத்தும் டிஎஸ்சி டோக்கனும் உங்கள் திட்டத்திலேயே வருகின்றனவா, தனிக் கட்டணமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கனவே ஸோஹோ புக்ஸில் பில் போடுபவர் ஸோஹோ சைனை முதலில் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. டேலியில் இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பணம் கட்டுமுன் இலவசச் சோதனைக் காலத்தில் இதைச் செய்து பாருங்கள். உங்கள் டிரைவர் கையில் இருக்கும் சாதாரண ஆண்ட்ராய்டு போனுக்கு ஒரு தாளை அனுப்புங்கள். அவர் யார் உதவியும் இல்லாமல் கையெழுத்துப் போட முடிகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நான் பார்த்தவரை, அலுவலகக் கணினியில் அழகாக இருந்த மென்பொருள்கள் துறைமுகக் கேட்டில், வெயிலில், சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும்போதுதான் தடுமாறுகின்றன.

எல்லாத்துக்கும் ஆதார் ஓடிபி கேக்கணுமா? எங்க டிரைவருங்க பாதிப் பேரு நம்பர மாத்திட்டாங்க அக்கா.

வேண்டாம். சரக்கு இறங்கியதற்கு அத்தாட்சியாக வாங்கும் பிஓடி தாளுக்கு முதல் வகையே போதும். விரல் கையெழுத்து, நேரம், இறக்கிய சரக்கின் போட்டோ இருந்தால் வாடகை பாக்கித் தகராறு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். ஆதாரை வருடாந்திர ஒப்பந்தம், பங்குதாரர் கடிதம், பெரிய கடன் வசதி போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரோடு இணைந்த எண் கையில் இல்லாதவருக்கு ஓடிபி வராது. ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவரை அவருக்குப் பேனா கையெழுத்துதான். பக்கத்தில் இருப்பவர் போனில் ஓடிபி வாங்கி ஒப்பேற்றாதீர்கள். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஆதார் குடுத்தா நம்ம அக்ரிமென்ட்ட அரசாங்கம் படிச்சிடாதா?

படிக்க முடியாது. நீங்கள் ஏற்றும் ஆவணத்திலிருந்து ஹாஷ் என்ற ஒரு நீண்ட அடையாள எண் கணக்கிடப்படுகிறது. ஆவணத்துக்குக் கைரேகை மாதிரி. கையெழுத்துச் சேவை தரும் உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு அந்த ஹாஷ் மட்டும்தான் போகிறது. ஓடிபி சரியானதும் உங்கள் பெயரில் ஒரு சான்றிதழ் உருவாகி, அந்த ஒரு கையெழுத்தோடு அதன் ரகசியச் சாவி அழிக்கப்பட்டுவிடும்.

ஆனால் மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில் முழு ஆவணமும் இருக்கும். கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். தரவு இந்தியாவில் இருக்கிறதா, உங்கள் ஊழியர்களில் யாருக்கெல்லாம் திறக்க அனுமதி, அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று கேளுங்கள். வேலையாட்களின் ஆதார் நகலைத் தனியாக வாங்கி வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

புரோ நோட்டுல வாங்கிடலாமா? பவர் பத்திரம்?

நமக்குள் எழுதிக்கொள்ளும் புரோ நோட்டில் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை சில ஆவணங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. காசோலை தவிர்த்த மாற்றுமுறை ஆவணங்கள் (புரோ நோட்டு போன்றவை), பவர் பத்திரம், அறக்கட்டளைப் பத்திரம், உயில் ஆகியவை அதில் வரும். 2022 செப்டம்பரில் ஒரு தளர்வு வந்தது. ரிசர்வ் வங்கி, செபி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு எழுதிக்கொடுக்கும் கேட்புப் புரோ நோட்டும் (கேட்டவுடன் பணம் தர வேண்டியது), அவர்களுக்குக் கொடுக்கும் பவரும் மின்வழியில் போகலாம். அதனால்தான் வங்கிக் கடனில் ஆதார் கையெழுத்துக் கேட்கிறார்கள். மண்ணடியில் கைமாற்று கொடுப்பவருக்கு அந்த வழி கிடையாது. பேனா, ரெவின்யூ ஸ்டாம்ப், பழைய முறைதான்.

கோடவுன் வாடகை அக்ரிமென்ட்?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவுச் சட்டம், 1908இன்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மென்பொருளில் வாங்கிய கையெழுத்து அந்தப் பதிவுக்கு ஈடாகாது. வீடு, கடை வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்ற 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டமும் இருக்கிறது. இந்தத் தாள்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, உங்கள் வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கம்ப்யூட்டர்ல போட்டா ஸ்டாம்ப் பேப்பர் செலவு மிச்சம்தானே?

மிச்சம் இல்லை. முத்திரைத் தீர்வை ஆவணத்துக்கானது. கையெழுத்தை எதில் போட்டீர்கள் என்பது கணக்கில் வராது. தீர்வை கட்ட வேண்டிய ஆவணத்துக்குக் கட்டாமல் விட்டால், இந்திய முத்திரைச் சட்டம், 1899இன் 35ஆவது பிரிவுப்படி, குறைந்த தீர்வையையும் அபராதத்தையும் கட்டும்வரை அதைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். ஹைகோர்ட் எதிரே பத்திரம் வாங்கி டைப் அடித்த காலத்திலும் இதே விதிதான். ஆவணத்தோடு இ-ஸ்டாம்பை இணைக்கும் வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு அது வேலை செய்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிடிஎஃப்ப திறந்தா மஞ்சள் கேள்விக்குறி வருது. பச்சை டிக் வரல. ஏமாந்துட்டேனா?

பெரும்பாலும் இல்லை. இந்தியாவில் டிஎஸ்சி, ஆதார் கையெழுத்து இரண்டுக்கும் மேலே நிற்பது சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர், அதாவது சிசிஏ. அந்த மூலச் சான்றிதழை உங்கள் அடோபி ரீடர் நம்புவதாக ஒருமுறை குறித்துக்கொள்ளாவிட்டால் கேள்விக்குறிதான் காட்டும். கையெழுத்தின் மேல் வலது கிளிக் செய்து, சான்றிதழ் விவரத்தில் 'சிசிஏ இந்தியா' என்று மேலே இருப்பதைச் சரிபார்த்து, நம்பகமானவற்றில் சேர்த்துவிட்டு மறுபடி சரிபாருங்கள். பச்சை வந்துவிடும். சிவப்புக் குறி வந்தால் கதை வேறு. பெரும்பாலும் ஆவணம் பிறகு மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். போனில் திறக்கும் சாதாரண பிடிஎஃப் செயலிகள் இதையெல்லாம் காட்டவே காட்டாது.

சைஸ் பெருசா இருக்குன்னு கம்ப்ரெஸ் பண்ணேன், கையெழுத்தே போயிடுச்சி.

போகத்தான் செய்யும். சுருக்குவது, நான்கு கோப்பை ஒன்றாகச் சேர்ப்பது, பிரின்ட் எடுத்துத் திரும்ப ஸ்கேன் செய்வது, மூன்றுமே கையெழுத்தை அழித்துவிடும். சுருக்குவதையும் சேர்ப்பதையும் முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் வெறும் படம்தான் போகும்.

தமிழ்ல அடிச்ச அக்ரிமென்ட்ட ஏத்தினா ஏதோ கன்னாபின்னான்னு எழுத்து வருது.

உங்கள் டைப்பிங் கடைக்காரர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். வேர்டு கோப்பாக ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாத சர்வர் அதை ஆங்கில எழுத்துகளாகக் காட்டும். யுனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். அடித்த கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள். கையெழுத்துப் போடுபவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் ஆவணம் இருப்பது மிகவும் முக்கியம். "எதில் போட்டேன் என்றே எனக்குத் தெரியாது" என்று நாளைக்கு அவர் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

மொதலாளி போன்ல ஓடிபி சொல்லிடுவாரு, நான் போட்டுடுவேன். டோக்கன்கூட என் டிராயர்லதான் இருக்கு. தப்பா?

தப்புதான். இதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். என் அலுவலகத்திலேயே முன்பு ஒரு பிஸ்கட் டின் நிறைய வாடிக்கையாளர்களின் டோக்கன்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பட்டையில் பெயர், சிலவற்றில் பின் நம்பரும்கூட. ஒரு நாள் மாலை அந்த டின்னைத் திறந்தபோது எனக்குப் பகீரென்றது. இத்தனை பேரின் கையெழுத்து ஒரு டப்பாவுக்குள்! அந்த வாரமே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவரவர் டோக்கனை அவரவர் கையில் கொடுத்தேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். "உங்கள நம்பித்தானே குடுத்தோம்" என்றார்கள். என்னை நம்பலாம். ஆனால் நான் லீவில் இருக்கும்போது டிராயரைத் திறப்பவரையும் சேர்த்து நம்ப வேண்டி வருமே.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, தன் ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வது சான்றிதழ் வைத்திருப்பவரின் கடமை என்கிறது. சாவி வேறு கைக்குப் போய்விட்டால் உடனே சான்றிதழ் தந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்வரை பொறுப்பு அவருடையதே. அடுத்தவர் கையெழுத்தை நேர்மையற்ற எண்ணத்தோடு பயன்படுத்தினால் 66சி பிரிவில் 3 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு.

முதலாளிக்கு நேரமில்லை என்றால் வழி இருக்கிறது. கம்பெனி என்றால் தீர்மானம் போட்டு, கடை என்றால் அதிகாரக் கடிதம் கொடுத்து, மேனேஜரைக் கையெழுத்திட அதிகாரம் பெற்றவராக்குங்கள். அவர் தன் பெயரில், தன் ஓடிபியில் போடட்டும். மென்பொருள் வாங்கும்போது ஊழியர் தயாரித்து அனுப்பவும் முதலாளி தன் போனில் கையெழுத்து மட்டும் போடவும் தனித்தனி அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லா வசதிகளையும்விட முக்கியமானது இதுதான்.

டோக்கன் காலாவதி ஆயிட்டா பழைய கையெழுத்து செல்லாதா?

செல்லும். போட்ட நாளில் சான்றிதழ் உயிரோடு இருந்ததா என்பதுதான் கேள்வி. அதை உறுதியாகக் காட்ட கையெழுத்தோடு நேரமுத்திரை, அதாவது போட்ட நேரத்துக்கு வெளி நிறுவனம் தரும் அத்தாட்சி, சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் கணினிக் கடிகாரத்தின் நேரத்தை வைத்து மட்டும் நிரூபிப்பது சிரமம். மென்பொருள் நேரமுத்திரை சேர்க்கிறதா என்று கேளுங்கள்.

துபாய் பார்ட்டிக்கு ஆதார் இல்லையே?

முதல் வகையில் வாங்குங்கள். நிறுவனப் பெயரில் உள்ள மின்னஞ்சலுக்கு அனுப்பி, கூடவே செல்பேசிக்கு ஒரு குறியீடும் போகும்படி வையுங்கள். ஜிமெயில் முகவரி வேண்டாம். ஐரோப்பியர் என்றால், 2016 முதல் அங்கே நடைமுறையில் உள்ள ஈஐடாஸ் என்ற மின் கையெழுத்து விதிகளில் எந்தத் தரம் வேண்டும் என்று அவரே சொல்வார். எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எவ்ளோ செலவாகும்?

சிலர் ஒரு பயனருக்கு மாதம் இவ்வளவு என்கிறார்கள். சிலர் ஓர் ஆவணத்துக்கு இவ்வளவு என்கிறார்கள். ஆதார் கையெழுத்துக்குப் பெரும்பாலும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் தனிக் காசு. மாதம் 40 ஆவணம், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் என்றால் 80 கையெழுத்து. அந்தக் கணக்கை வைத்து விலை கேளுங்கள். இ-ஸ்டாம்ப், எஸ்எம்எஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்த தொகையைக் கேளுங்கள். வருடச் சந்தாவில் மீதமான கையெழுத்துகள் அடுத்த வருடத்துக்கு வருமா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

சந்தாவ நிறுத்திட்டா பழைய பேப்பர்லாம்?

இதில் நான் பட்டிருக்கிறேன். ஒரு சேவையைப் புதுப்பிக்காமல் விட்டேன். கையெழுத்தான பிடிஎஃப்களை இறக்கி வைத்திருந்தேன். யார் எப்போது போட்டார் என்ற பதிவுத் தாளை இறக்கவில்லை. கணக்கு மூடிய பிறகு கேட்டால், கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். அவை முதல் வகைக் கையெழுத்துகள். பதிவுத் தாள் இல்லாமல் அவற்றுக்கு பலம் ஏது?

இப்போது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஆவணத்தையும் பதிவுத் தாளையும் சேர்த்து இறக்கி இரண்டு இடங்களில் வைக்கிறேன். ஒன்று வெளி ஹார்டு டிஸ்க், இன்னொன்று கிளவுட். ஹார்டு டிஸ்க் இருப்பது முதல் மாடியில். ஏன் என்று மணலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் பண்ணியும் 'நான் போடல'ன்னு சொல்லிட்டா?

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63ஆவது பிரிவுப்படி, மின் ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்யும்போது ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதில் இரண்டு பகுதிகள். ஒன்றை ஆவணத்தைத் தாக்கல் செய்பவர் தரப்பிலும், மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். மேலே சொன்ன ஹாஷ் எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும். பழைய சட்டத்திலும் இத்தகைய சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. வழக்கு வந்தால் இதற்கான விவரங்களைத் தருவீர்களா என்று மென்பொருள் நிறுவனத்திடம் வாங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். விற்கும்போது வரும் பதில் விற்ற பிறகு வருவது கடினம்.

மொதல்ல எந்தப் பேப்பர்ல ஆரம்பிக்கலாம்?

ரேட் லெட்டரில். லாரி வாடகை, கோடவுன் ஏற்று இறக்குக் கூலி, சரக்கு விலை என்று வருடத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளரோடு ஒத்துக்கொள்ளும் அந்த ஒரு பக்கக் கடிதம். பதிவு வேண்டாம், இரண்டே கையெழுத்து, நன்றாகத் தெரிந்த ஆள். மூன்று வாடிக்கையாளருக்கு அனுப்பிப் பாருங்கள். யார் எங்கே மாட்டிக்கொண்டு உங்களுக்குப் போன் செய்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள், மற்றதைப் பேசலாம்.